மார்பகக் கட்டி: முடிவு வரும்வரை உள்ள நாட்கள்

அக்டோபர் பிறந்தால் இளஞ்சிவப்பு ரிப்பன்கள் வந்துவிடும். மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகள், சுயபரிசோதனை செய்யும் முறை, மேமோகிராம் எடுக்கவேண்டிய வயது என்று பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் மாதம் முழுக்கச் சொல்லும். நோய் உறுதியான பிறகு என்ன சிகிச்சை என்பதைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறது. குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்மா" என்கிறார். ஸ்கேன் பார்த்தவர், "பயாப்சி எடுத்துட்டா நல்லது" என்கிறார். அதையும் எடுத்த பிறகு, "ரிப்போர்ட் வரட்டும்" என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த நாட்களை ஒரு பெண் எப்படிக் கடப்பது?

பெரும்பாலும் அவருக்குக் கிடைப்பது ஒரே ஆறுதல்தான்: "ஒண்ணும் இருக்காது, பயப்படாதே." சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றும் இருக்காது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாத விஷயம். பயப்படாமல் இருப்பது யாராலும் முடியாத காரியம். இந்தக் கேள்வியில் மருத்துவமும் உளவியலும் இதுவரை கண்டறிந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால், இந்த ஆறுதலைவிடக் கெட்டியான சில விஷயங்கள் கையில் கிடைக்கின்றன. காத்திருக்கும் பெண்ணின் நிம்மதியில் பாதி அவர் கையில் இருக்கிறது, மறுபாதி மருத்துவமனையின் கையில் இருக்கிறது என்பது அவற்றைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது. அந்த மறுபாதியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

முதலில், பயத்துக்கு எவ்வளவு இடம் உண்டு என்று பார்ப்போம். பிரிட்டனில் மார்பகச் சிகிச்சையகத்துக்கு அனுப்பப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இல்லை. நம் ஊரில் பெண்கள் தாமதித்து வருவதால், பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளின் வரிசையில் இந்தக் கணக்கு மாறும். ஆனால் உள்ளூர் மருத்துவரிடம் "டாக்டர், இங்க கட்டி மாதிரி இருக்கு" என்று போகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது புற்று அல்ல என்பது இங்கும் பொருந்தும். வயது இதில் முக்கியமான அளவுகோல். 15 முதல் 35 வயதுக்குள் வருபவற்றில் பெரும்பகுதி ஃபைப்ரோஅடினோமா; உருண்டையாக, வழவழப்பாக இருக்கும், விரல் பட்டால் நழுவும். அதற்குப் பிறகு மாதவிடாய் நிற்கும் வயதுவரை நீர்க்கட்டிகள் அதிகம். ஊசியால் நீரை எடுத்ததுமே சில கட்டிகள் அங்கேயே வற்றிவிடும். பாலூட்டும் தாய்மார்களுக்குப் பால் கட்டிக்கொள்ளும், சில சமயம் சீழ் பிடிக்கும். அடிபட்ட இடத்தில் கொழுப்புத் திசு இறுகிக் கட்டியாக நிற்கலாம். காசநோய்கூட நம் நாட்டில் அபூர்வமாக மார்பகத்தில் கட்டியாக வருகிறது.

ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாகத் தோன்றும் கட்டிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். இந்தியப் பெண்களுக்கு மேலைநாட்டுப் பெண்களைவிட ஏறத்தாழ பத்து வருடம் முன்பே இந்த நோய் வருகிறது என்பதால், நாற்பதுகளிலும் அலட்சியம் கூடாது. 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். தெருவுக்கு ஒருவரையாவது நமக்குத் தெரியும். அதனால் கட்டி தட்டுப்பட்டதும் ஒரு பெண் நடுங்கிப்போனால், அதை அறியாமை என்று யாரும் ஒதுக்கக் கூடாது.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. "வலிக்குதா? வலி இல்லைன்னா ஒண்ணுமில்ல" என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறு. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கும் கட்டிகளில் பலவும் சாதாரணமானவை. வலியை வைத்து நிம்மதியும் அடைய வேண்டாம், பயமும் கொள்ள வேண்டாம்.

நிச்சயமின்மை உடம்பை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. எல்விரா லாங்கும் அவருடைய குழுவினரும் 2009இல் 'ரேடியாலஜி' இதழில் வெளியிட்டது. அமெரிக்காவில் மார்பகப் பயாப்சி செய்துகொண்ட 126 பெண்களின் எச்சிலில், ஐந்தாவது நாள், கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். அதற்குள் சிலருக்குப் புற்று என்று தெரிந்திருந்தது, சிலருக்கு இல்லை என்று தெரிந்திருந்தது, மற்றவர்கள் இன்னும் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களின் கார்டிசால் ஏற்ற இறக்கம், புற்று உறுதியானவர்களுடையதைப் போலவே சீர்குலைந்திருந்தது. அதாவது, தெரியாமல் இருப்பதன் பாரம் கெட்ட செய்தியின் பாரத்துக்கு ஏறக்குறைய சமம். "எதுன்னாலும் தெரிஞ்சுட்டா நிம்மதி" என்று பெண்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை என்று இந்த ஆய்வுக்குப் பிறகு அடித்துச் சொல்லலாம். தூக்கம் வராததும், சோறு இறங்காததும், சின்ன விஷயத்துக்குப் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவதும் உடம்பில் உண்மையாகவே நடப்பவை.

காத்திருக்கிறவரை அதிகம் வாட்டும் கேள்வி இன்னொன்று: "இந்த ஒரு வாரத்துல பரவிடுமோ?" இதற்குத் தெளிவான பதில் உண்டு. 1999இல் 'லான்செட்' இதழில் ரிச்சர்ட்ஸ் குழுவினர் 87 ஆய்வுகளைத் தொகுத்து, ஒரு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தார்கள். அறிகுறி தெரிந்ததிலிருந்து சிகிச்சை தொடங்க மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆனவர்களில், ஐந்தாண்டு கடந்து உயிரோடு இருந்தோர் விகிதம் 12 சதவீதம் குறைவாக இருந்தது. கணக்கு மாதங்களில் ஓடுகிறது, நாட்களில் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பும், முதன்முதலாக மருத்துவரைப் பார்த்ததிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று தெரிந்துவிட வேண்டும் என்றுதான் இலக்கு வைத்திருக்கிறது. ஸ்கேனுக்கு நான்கு நாள், பயாப்சி முடிவுக்கு ஒரு வாரம் என்று போவதால் கட்டியின் தலையெழுத்து மாறிவிடாது.

மாற்றுவது வேறொரு தாமதம். கட்டி இருப்பது தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது. பையனுக்குப் பப்ளிக் பரீட்சை முடியட்டும், அறுவடை முடியட்டும், பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இது வெளியே தெரியக் கூடாது என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ஆண் டாக்டர் தொடுவாரே என்ற கூச்சம், செலவுக்கு என்ன செய்வது என்ற கவலை. பயாப்சி என்ற சொல்லைக் கேட்டதும் மறைந்துபோகிறவர்களும் உண்டு. "ஊசி பட்டா கட்டி கலைஞ்சு உடம்பெல்லாம் பரவிடும்" என்று யாரோ சொல்லிவிட, எங்கோ மூலிகைப் பற்றுப் போடப் போய்விடுகிறார்கள். ஊசி செல்லும் பாதையில் செல்கள் இடம்பெயர்வது நடக்கவே நடக்காது என்றில்லை. ஆனால் அதனால் நோய் பரவி ஆயுள் குறைந்ததாகச் சான்று இல்லை. ஊசி போடாமல் நோய் இன்னதென்று தெரியாது, தெரியாமல் சரியான சிகிச்சை இல்லை. இந்த ஒரு புரளி நம் பக்கத்தில் எத்தனை பேரைக் காலம் கடந்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று புற்றுநோய் வார்டில் வேலை செய்யும் எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வார்.

தெரியாததைப் பற்றித்தான் மனம் அதிகம் கற்பனை செய்யும். அதனால் பரிசோதனைகளை உள்ளபடி தெரிந்துகொள்வது காத்திருப்பைச் சற்றுத் தாங்கக்கூடியதாக ஆக்கும். கட்டியை மூன்று வழியில் பார்ப்பார்கள்: கையால் தொட்டு, படம் எடுத்து, தேவைப்பட்டால் திசு எடுத்து. இளம் வயதினருக்கு அல்ட்ராசவுண்ட்தான் முதலில். அவர்களுடைய மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்துகொள்ளும். மேமோகிராமுக்குப் போகும் அன்று மார்பிலும் அக்குளிலும் பவுடரோ டியோடரண்டோ போடக் கூடாது. அதன் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தெரிந்து வீண் குழப்பத்தை உண்டாக்கும். மாதவிடாய் முடிந்த வாரத்தில் எடுத்தால் அழுத்தும்போது வலி குறைவு. அந்த அழுத்தம் சில விநாடிகள்தான்.

கோர் பயாப்சியில் மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, சற்றுத் தடிமனான ஊசியால் அரிசி நீளத் துணுக்குகள் சிலவற்றை எடுப்பார்கள். விசை விடுபடும்போது ஸ்டேப்ளர் அடிப்பது போன்ற சத்தம் கேட்கும். நல்ல டாக்டர்கள் முதலில் அதை வெறும் காற்றில் ஒருமுறை அடித்துக் காட்டிவிட்டு, "இந்தச் சத்தம்தாம்மா, திடுக்கிடாதீங்க" என்பார்கள். அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய உபகாரம் என்பது மேசையில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் அந்த இடம் கன்றிப்போய் நீலம் பாயும். குளிர் ஒத்தடம் போதும். ஒன்றிரண்டு நாள் தண்ணீர்க் குடம் தூக்குவது, மாவுப் பாத்திரம் தூக்குவது வேண்டாம்.

பிறகு அந்தத் துணுக்குகள் எங்கே போகின்றன? ஏன் இத்தனை நாள்? எடுத்தவுடன் அவை ஃபார்மலின் உள்ள சிறு டப்பாவில் விழுகின்றன. குறைந்தது ஆறு மணி நேரமாவது அதில் ஊற வேண்டும். அவசரப்பட்டால் பிறகு செய்யும் ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனை தவறாக வரும். அடுத்து, ஒன்றைவிட ஒன்று அடர்த்தியான ஆல்கஹாலில் மாற்றி மாற்றி வைத்துத் திசுவிலிருந்து நீரை வெளியேற்றுகிறார்கள். பின்பு உருகிய பாரஃபின் மெழுகு உள்ளே இறங்குகிறது. பெரும்பாலும் இரவு முழுக்க ஓர் இயந்திரத்தில் நடக்கும் வேலை இது. மறுநாள் மெழுகில் பதிந்த திசுவை டெக்னீஷியன் மைக்ரோடோமில் வைத்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவுகிறார். ஒரு தலைமுடியின் தடிமனில் சுமார் இருபதில் ஒரு பங்கு. சீவிய ஏடு வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கும். கண்ணாடிச் சில்லால் அதை மடிப்பு விழாமல் ஏந்தி எடுக்க வேண்டும். சாயம் ஏற்றினால் செல்லின் கரு ஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதற்குப் பிறகுதான் நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். அவருக்கு ஐயம் இருந்தால் சிறப்புச் சாயம் ஏற்றச் சொல்வார், அல்லது இன்னொருவரையும் பார்க்கச் சொல்வார். அதற்குக் கூடுதலாகச் சில நாட்கள் ஆகும்.

சிறப்புச் சாயம் புற்றை உறுதிசெய்ய மட்டும் ஏற்றுவதில்லை. புற்று இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கும் அதே சாயங்கள் தேவைப்படுகின்றன. ரிப்போர்ட் தள்ளிப்போனதாலேயே கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ள எந்த முகாந்திரமும் இல்லை.

இப்போதெல்லாம் ரிப்போர்ட் டாக்டருக்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு அதைத் திறந்து, புரியாத சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி, விடியும்வரை அழுதவர்கள் பலர். குறைந்தபட்சம் சில குறியீடுகளையாவது தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பை-ராட்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். அது 0 என்றால் இன்னும் படம் தேவை என்று பொருள், வேறெதுவும் இல்லை. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை, வழக்கமாக ஆறு மாதத்தில் மீண்டும் பார்ப்பார்கள். 4 என்ற எண்தான் பெண்களை நிலைகுலைய வைக்கிறது. ஆனால் அதன் வீச்சு மிகப் பெரியது. 4ஏ என்றால் பத்து சதவீதத்துக்குள், 4சி என்றால் ஐம்பதுக்கு மேல். 5 என்றால் 95 சதவீதம் அல்லது அதற்கு மேல். இந்த எண்கள் எல்லாமே சந்தேகத்தின் அளவுதான், நோயின் கட்டம் அல்ல. 'நான்காம் வகை' என்பதை 'நான்காம் ஸ்டேஜ்' என்று புரிந்துகொண்டு இடிந்துபோக வேண்டாம். ஊசிப் பரிசோதனையில் 'போதிய செல்கள் இல்லை' என்று வந்தால் திரும்ப எடுக்க வேண்டும், அவ்வளவே.

"அடையாறுக்குப் போகச் சொல்லிட்டாங்க" என்பதும் இப்படித்தான். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையின் பேரே தமிழகத்தில் நோயின் பேராகிவிட்டது. பரிசோதனைக்குப் போகச் சொல்வது தீர்ப்பு ஆகாது.

இனி மனத்துக்கு வருவோம். 'குரங்கை நினைக்காமல் மருந்து குடி' என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரியும். 1987இல் டேனியல் வெக்னர் இதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்கள் மனத்தில் கரடி திரும்பத் திரும்ப வந்தது. ஆக, "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே" என்ற அறிவுரை பலிக்காது என்பது ஆய்வுக்கூடத்திலும் உறுதியாகிவிட்டது. பலிக்கக்கூடியது வேறொன்று. தாமஸ் போர்கோவெக் 1983இல் கவலைக்கு நேரம் ஒதுக்கும் முறையைச் சோதித்தார். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரைமணி நேரம் கவலைப்படலாம். மற்ற வேளையில் கவலை தலைதூக்கினால், அதை அந்த நேரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். கவலையை விரட்டுவதில்லை, அதற்கு ஒரு நேரம் குறித்துக் கொடுக்கிறோம். சாயந்தரம் ஐந்தரை மணிக்கு மாடியில் உட்கார்ந்து, மனத்தில் ஓடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதலாம். டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்விகளும் அதில் சேர்ந்துவிடும். படுக்கப் போகும் நேரத்துக்கு அருகில் மட்டும் வேண்டாம்.

கலிபோர்னியாவில் கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர், காத்திருப்பதையே தன் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர். வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருக்கும் பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்தார். அவருடைய முடிவுகளில் இரண்டு நம் கேள்விக்கு உதவும். நம்பிக்கையோடு இருக்க முயல்வது, கவலையை அடக்குவது போன்ற வழக்கமான உத்திகள் அவர்களின் தவிப்பைக் குறைக்கவில்லை. அதே சமயம், காத்திருக்கும்போது அதிகம் தவித்தவர்கள், கெட்ட முடிவு வந்தபோது அதை மற்றவர்களைவிட நன்றாகவே எதிர்கொண்டார்கள். ஆகவே, கவலைப்படுவதற்காக ஒரு பெண் தன்னையே நொந்துகொள்ளத் தேவையில்லை. முடிவு வரும் நாள் நெருங்க நெருங்கப் படபடப்பு கூடுவதும் இயல்பு என்று அவருடைய ஆய்வுகள் காட்டுகின்றன.

அவரும் உடன் பணியாற்றியவர்களும் கண்ட இன்னொன்று, நேரம் போவதே தெரியாமல் கைகளும் மனமும் சேர்ந்து ஆழ்ந்துபோகும் வேலை காத்திருப்பின் வேதனையைக் குறைக்கிறது என்பது. டி.வி. பார்ப்பது அந்த வேலையைச் செய்யாது; மனம் பாதி இங்கும் பாதி அங்கும் அலையும். புள்ளி எண்ணிப் போடும் சிக்குக் கோலம், அளவு பார்த்துத் தைக்கும் ரவிக்கை, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவது, நெருக்கமாகச் சரம் கட்டுவது எல்லாம் செய்யும். கொஞ்சம் கடினமாக, ஆனால் கைவசப்பட்டதாக இருக்க வேண்டும். கோயிலுக்குப் போவதும், சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றுவதும், தொழுகையும் பலருக்கு இதே தெம்பைத் தருகின்றன. ஜோசியரிடம் போவதை மட்டும் இந்த நாட்களில் தள்ளிவைக்கச் சொல்வேன். "கண்டம் இருக்கு" என்ற ஒரு சொல் போதும், இருக்கிற கொஞ்சநஞ்சத் தூக்கமும் போய்விடும். கட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதையும் நிறுத்த வேண்டும். அழுத்த அழுத்த அந்த இடம் நோகும். நோவதைக் கண்டு பயம் வளரும்.

யாரிடம் சொல்வது? எல்லோரிடமும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, யாரிடமும் சொல்லாமல் இருப்பது கொடுமை. ஒருவர் அல்லது இருவர் போதும்; கூட வந்து உட்காரக்கூடியவர், கதைகளை அவிழ்த்துவிடாதவர். "எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று தொடங்குகிறவரிடமிருந்து தள்ளியிருங்கள். அந்த ஒருவர் கணவராக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அக்காவோ, பக்கத்து வீட்டுத் தோழியோ யாராக இருந்தாலும் சரி. கணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தைரியம் சொல்வதைவிட, லீவு போட்டுக்கொண்டு கூடப் போவது பெரிது. அன்றைக்குச் சமையலை யார் செய்வது, பிள்ளையை யார் கூப்பிட்டு வருவது என்பதை அவர் கேட்காமலேயே ஏற்பாடு செய்யுங்கள். பல இரவுகள் தூக்கமே இல்லை, நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்றெல்லாம் தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக, மருத்துவமனையின் பங்கு. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை என்பது 2016இலிருந்து தேசியத் திட்டத்தில் இருக்கிறது. தமிழகம் 2023இல் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் வீடுதோறும் அழைப்புக் கொடுத்துப் பரிசோதிக்கத் தொடங்கியது. மும்பையில் டாடா மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டு தொடர்ந்து செய்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் தொட்டுப் பார்த்ததாலேயே, ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இந்தப் பரிசோதனை பரவ வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பரிசோதனை பரவப் பரவ, காத்திருக்கும் பெண்களும் பெருகுவார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருக்காது. அவர்களைப் பயத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவது நியாயமில்லை. இங்கிலாந்தில், அனுப்பப்பட்ட நாளிலிருந்து 28 நாளுக்குள் புற்று உண்டா இல்லையா என்று நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அரசு மருத்துவச் சேவைக்கு இலக்கு வைத்திருக்கிறார்கள். டாக்டர், ஸ்கேன், ஊசி மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் சிகிச்சையகங்கள் அங்கே பரவலாக இருக்கின்றன. நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாளாவது இப்படி ஒதுக்க முடியும். அதற்குள், ஒரு பைசா செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பயாப்சி முடிந்து கிளம்பும் பெண்ணின் ஓ.பி. சீட்டில், முடிவு எந்தத் தேதியில் வரும், யார் சொல்வார், அன்று வராவிட்டால் எந்த எண்ணில் கேட்கலாம் என்று மூன்று வரி எழுதிக் கொடுப்பது. எழுதித் தராவிட்டால், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.